நாற்பத்து மூன்றில் ஒன்று

பார்சலைப் பிரித்ததும் முதலில் முகர்வேன்.
புதிதென்றால் பெயிண்ட் வாசனை,
கைமாறி வந்ததென்றால் யாரோ ஒருவர் வீட்டு அலமாரி.
பிறகு வெர்னியர்.
பகலெல்லாம் மன்னார்குடி லேபில்
அடுத்தவர் கடைவாய்க்குப் பல் செய்கிற அதே வெர்னியர்.
நுனிக்கு நுனி எண்பத்தேழு மில்லிமீட்டர். சரி.
அச்சுக்கு அச்சு ஐம்பத்தொன்று. சரி.
மோரிஸ் மைனர், இரண்டு கதவு,
பெட்டியில் அச்சிட்ட வருஷம் 1949.

ஒரு மில்லிமீட்டர்தானே என்பவர்களோடு
நான் பேச்சு வளர்ப்பதில்லை.
நாற்பத்து மூன்றால் பெருக்கிப் பாருங்கள்.
வைப்பர் கரும்புத் தடிமன்,
பெயிண்ட் ஊத்தப்பக் கனம்,
மூடிய கதவின் இடுக்கில் உள்ளங்கை நுழையும்.
திருவாரூர்த் தேரை இதே கணக்கில் வகுத்தால்
என் தொடை உயரம்.
வடம் பிடிக்க இரண்டு விரற்கடை ஆட்கள் போதும்.

உடம்பின் க்ரீமைப்
பல் நிறம் பார்க்கும் சீப்போடு சேர்த்துப் பிடித்தேன்.
ஏ-த்ரீ. வெற்றிலை போடாத நாற்பது வயது.
அதை மன்னிக்கலாம்.
விளக்குகளை முடியாது.
நாற்பத்தொன்பதில் இந்த வண்டிக்கு
முகப்பு விளக்கு கீழே,
முன்வலையின் இரு ஓரத்திலும் ஒடுங்கி இருக்கும்.
மட்கார்டில் ஏறியது பிற்பாடு.
தொழிற்சாலையில் யாரோ
பிந்தைய அச்சில் முந்தைய வருஷத்தை ஊற்றிவிட்டார்கள்.
பத்துக்கு நாலு என்று எழுதி
நோட்டை மூடினேன்.

கூத்தாநல்லூர் ரைஸ்மில்லில் நிஜமாகவே ஒன்று நிற்கிறது என்றான்
பல் அளவுகள் கொண்டுவரும் தாவூத்.
சனிக்கிழமை பஸ் ஏறினேன்.
மூட்டைகளை நகர்த்தியபடி மஸ்தான் கனி கேட்டார்:
"டாக்டரம்மா, விலைக்கா?"
டாக்டர் இல்லை, விலைக்கும் இல்லை,
சும்மா பார்க்க என்றேன்.
அதற்கப்புறம்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

தார்ப்பாயை இழுத்ததும் தவிடு பறந்தது.
விளக்கு மேலே.
இரண்டும், மட்கார்டில்.
ஆர்.சி. புத்தகத்தில் 1949.

மண்டியிட்டு முன்வலை ஓரமாக நகத்தை ஓட்டினேன்.
அடைத்த பல்லை நாக்கு கண்டுபிடிக்குமே, அப்படி
வட்டமாகத் தட்டுப்பட்டது பட்டி.
இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று.

"அத்தா செஞ்ச வேலை" என்றார்.
"எழுபத்தேழு புயல்ல ரோடு எங்கே, வயல் எங்கே?
லெட்சுமாங்குடி பாலத்துக்கிட்ட இன்ஜின் நின்னுபோச்சு.
நாலு பேர் தள்ளுறாங்க. எனக்கு ஆறு வயசு, பின்சீட்டுல.
விளக்கு மட்டும் எரியுது,
எரிஞ்சு என்ன? வெளிச்சம் பூரா தண்ணிக்குள்ள போவுது.
தண்ணி மஞ்சளாத் தெரியுது,
ரோடு தெரியல.
அம்மா தலையை வெளிய நீட்டி
இடது, இடதுன்னு கத்திக்கிட்டே வந்தாங்க.
வடிஞ்ச மறுவாரமே வெல்டிங் பட்டறைக்குப் போயிட்டார்."

கிடங்குச் சுவரில் அந்த வருஷத்துக் கறை இன்னும் இருந்தது.
டேப் பிடித்தேன். அறுபது சென்டிமீட்டர்.
அவர் டீ சொன்னார்.

வீட்டுக்கு வந்தும் நாலை மாற்றவில்லை.
அந்தத் தொழிற்சாலைக்கு எழுபத்தேழும் தெரியாது,
லெட்சுமாங்குடியும் தெரியாது.
தப்பிப்போய்ச் சரியானதற்கு
என் நோட்டில் மதிப்பெண் கிடையாது.

ஆனால் அறுபதை நாற்பத்து மூன்றால் வகுத்தேன்.
பதினாலுக்கு முடியளவு குறைவு.
அலமாரிக் கண்ணாடியில்
அந்த உயரத்துக்குப் பென்சில் கோடு இழுத்தேன்.
வரிசையில் நின்ற பதினோரு வண்டிகளுக்கும்
சக்கரம் முங்கியது.
மோரிஸின் கண்கள் மட்டும் கோட்டுக்கு மேலே,
ஏதோ தெரிந்தே செய்ததுபோல.

துடைத்தால் பென்சில் அழிந்துவிடும் என்று
மறுநாள் லேபிலிருந்து
நீல மெழுகு கொஞ்சம் எடுத்துவந்தேன்.